மேற்கு வேலி

நியூசிலாந்துக் கடிகாரத்தைவிட
முக்கால் மணி முந்தியது எங்கள் சாட்டம் தீவு.
வேறெதிலும் நாங்கள் முந்தியதில்லை.
கப்பல் பிந்தும், வெங்காயம் பிந்தும்,
காற்று மட்டும் கதவைத் தட்டாமல்
உள்ளே வந்து நிற்கும்.

அந்தக் காற்றை அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
விமானத் திடலோரத் தகரக் கொட்டகையிலிருந்து
நாளுக்கு நான்கு முறை எழுதி அனுப்புகிறேன்:
தென்மேற்கு, முப்பத்தெட்டு நாட், உப்பு.
உப்பை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்ப்பது.

மிச்ச நேரமெல்லாம் அஸ்டீலியா.

வாள் வாளாய் விரியும் இலை,
சிப்பியின் உட்புறம் போல வெள்ளி.
அது நிறமல்ல, பூச்சு.
முதல் வருடம் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன்.
அடியில் பள்ளிக்கூடச் சுவரின் பச்சை.
என் ரேகை விழுந்த அந்த இலை
காயும்வரை அப்படியேதான் இருந்தது.
அதன்பின் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே விதி:
கண்ணால் மட்டும்.

ஈரம் பிடிக்கும். ஆனால் குளிர்காலத்தில் கால் ஊறினால் அழுகும்.
ஆகவே கரிமண்ணில் சரளை கலந்து மேடாக்கினேன்.
காய்ந்த இலையைக் கத்தரிக்கக் கூடாது,
கீழ்நோக்கி ஒரே இழுப்பு.
வராவிட்டால், அது இன்னும் சாகவில்லை.
இலையிடுக்கில் மழை தேங்கும்,
நத்தைகள் அங்கே குடித்தனம் நடத்தும்.
இரவில் டார்ச்சோடு போய்க்
காலிசெய்ய வைப்பேன்.

வேலிக்கு மேற்கே மர்டோ, எண்ணூறு ஆடுகளோடு.
கம்பி தளர்ந்திருந்த ஓர் ஆகஸ்டு இரவில்
என் பதினோரு செடிகளையும் தின்றுவிட்டுப் போயின.
போய்க் கேட்டேன்.
"புல்லென்று நினைத்திருக்கும்" என்றான்.
ஒன்பது வருடம் பேச்சில்லை.
இங்கே அது லேசான காரியமல்ல:
ஒரே கடை, ஒரே பெட்ரோல் பம்பு,
விமானமேறினால் பக்கத்து இருக்கை.

ஒரே ஒரு தூர் தப்பியிருந்தது.
வசந்தந்தோறும் பிரித்து நட்டேன்,
ஒன்று மூன்றாய், மூன்று ஏழாய்.
பூத்தது. காய்க்கவில்லை.
எருவைத் திட்டினேன், தீவைத் திட்டினேன்.

இயற்கைப் பாதுகாப்புத் துறையிலிருந்து ரங்கிமாரியே வந்தாள்,
மண்டியிட்டு, லென்ஸில் பூவைப் பார்த்தாள்.
"பெண்."
"ஏழுமா?"
"ஏழு எங்கே? ஒன்றுதான். ஏழு தடவை நட்டிருக்கிறாய்.
ஆண் செடி இல்லாமல் பழமில்லை."
சுற்றிப் பார்த்தாள். ஆடு, ஆடு, ஆடு.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஏப்ரலில் நத்தை தேடிய வெளிச்சத்தில்
ஆரஞ்சு.
இலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தாற்போல்
மணிமணியாய்ப் பழம்.
எண்ணினேன், எண்ணுவது என் தொழில்.
நாற்பத்தாறு.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
பூத்த நாட்களில்
மேற்கு, மேற்கு, வடமேற்கு, மேற்கு.
காற்று கொண்டுவந்ததோ, ஈ கொண்டுவந்ததோ,
திசை அதுதான்.

பைனாகுலரை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன்.
அவன் கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால்
பழைய இறால் கூண்டுகளைப் பிரித்துக் கட்டிய அடைப்பு,
ஆட்டின் கழுத்துக்கு எட்டாத உயரம்.
உள்ளே வெள்ளி. நான்கு தூர்.
அடியில் ஒரு காய்ந்த இலைகூட இல்லை.
கீழ்நோக்கி இழுக்க
அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் பெட்ரோல் பம்பில்
எனக்கு முன்னால் அவன்.
ஒன்பது வருடத்துக்குப் பிறகு சொல்ல
என்னென்னவோ இருந்தது.
"உன்னுடையது ஆண்" என்றேன்.
அவன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"எத்தனை பிடித்தது?"
"நாற்பத்தாறு."
"குறைவுதான்" என்று குழாயை மாட்டினான்.

சதையைப் பிசைந்து கழுவி
விதைகளைத் தட்டில் விதைத்திருக்கிறேன்.
எது ஆண், எது பெண் என்று
பூக்கும்வரை தெரியாது. வருடங்கள் ஆகும்.

கம்பி இன்னும் தளர்ந்துதான் கிடக்கிறது.
அதைப் பற்றி
நாளை கேட்கவேண்டும்.